கருணை மனுவும் மாங்காய் போட்ட மீன் குழம்பும்

எங்கள் ஊரில் மன்னிப்பே கிடைக்காத குற்றம் ஒன்று உண்டு. தெருவில் எல்லா வீட்டுப் படியும் ஏறிவிட்டு ஒரே ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போவது. கல்யாணப் பத்திரிகையாக இருக்கட்டும், கொலுவுக்கு அழைப்பதாக இருக்கட்டும், உற்சவ வசூலாக இருக்கட்டும், தாண்டப்பட்ட வீட்டுக்காரர் வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். வசூலுக்குத்தானே வந்தார்கள், வராமல் போனால் லாபம் என்று ஒரு ஜீவனாவது நினைக்க வேண்டுமே! ஊஹூம். கொலைகூட இதற்கு அடுத்த இடம்தான் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூறுகளில், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். இன்ஸ்டிட்யூட் என்பது பெரிய வார்த்தை. நாலு மெஷின், நாலு ஸ்டூல், ஒரு ஃபேன். மெஷின்களில் ஒன்றுக்கு மணி அடிக்காது. இன்னொன்றுக்கு அடித்தால் நிற்காது. உள்ளே அடுக்களையிலிருந்து அம்மா, "இந்த லொடலொடாவிலே பெருமாள் பேரைக்கூட நிம்மதியா சொல்ல முடியலையே" என்று சொல்லிக்கொண்டேயிருப்பாள். இதைச் சொல்ல மட்டும் அவளுக்கு எந்த இடைஞ்சலும் இருந்ததில்லை.

லோயர் பரீட்சைக்கு என்னிடம் படித்தவர்களில் ஒருத்தி, சர்ச்சுக்குப் பின்தெருவிலிருந்து சைக்கிளில் வருவாள். வேகமான கை, தப்பே விழாது. ஒரு நாள் காலையில் வந்து உட்கார்ந்தவள் முதல் வரியையே தப்பும் தவறுமாக அடித்துவிட்டுத் தாளை உருவிக் கசக்கினாள். இன்னொரு தாள். அதையும் கசக்கினாள்.

"உனக்கு என்னடி ஆச்சு இன்னிக்கு? தாள் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று சத்தம் போட்டேன்.

"எங்கண்ணன் அப்பீல டெல்லி கோர்ட்டுலயும் தள்ளிட்டாங்க மிஸ்" என்றாள். "தூக்குதான்னு சொல்லிட்டாங்க. இனிமே கவர்னருக்கு மனு போடறது ஒண்ணுதான் பாக்கி. அத்த அடிக்கலாம்னு உக்காந்தேன். கை வரல மிஸ்."

அவளுக்கு ஓர் அண்ணன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அந்த அண்ணனை ஊருக்கே தெரியும். ஆட்டோக்காரன். பட்டுக்கடைக் கணக்கர் ஒருவரும் கடைக் காவல்காரரும் ஜரிகைப் பெட்டியோடு அவன் ஆட்டோவில் ஏறினார்கள். அவன் போக வேண்டிய சாலையில் போகாமல் வேறு பக்கம் வண்டியைத் திருப்பினான். அங்கே வெளியூர் ஆள்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கணக்கரும் காவல்காரரும் வீடு திரும்பவில்லை. பெட்டியைப் பிடுங்குவார்கள் என்றுதான் நினைத்தேன், வெட்டுவார்கள் என்று தெரியாது என்று அவன் கோர்ட்டில் சொன்னான். கோர்ட் நம்பவில்லை. மூன்று பேருக்கும் தூக்கு. மற்ற இருவருக்கும் அவரவர் ஊரில் ஆள் இருந்தார்கள். இவனுக்கு இந்தத் தங்கை மட்டும்.

நான் கருணைக்கடல் ஒன்றும் இல்லை. பால்காரர் தண்ணீர் கலந்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்துகிறவள். ஆனாலும் ஒரு பெண் என் மெஷினில் உட்கார்ந்து அண்ணனைக் கொல்லாதீர்கள் என்று அடிக்கப் பார்த்துக் கை வராமல் உட்கார்ந்திருக்கும்போது, "சரி, அடுத்த பாடம் எடு" என்று சொல்ல என்னால் முடியவில்லை. "எழுந்திருடி" என்று அவளை எழுப்பிவிட்டு நானே அடித்தேன். தாளை உருவி எடுத்தபோது அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, நோக்கு வேற வேலையே கிடையாதா? கொலை பண்ணினவனுக்குக் கருணை கேக்கறயா?"

"கோயில்லே தினமும் கருணை கருணைன்னு சேவிக்கறாளே, அது யாருக்காம்? நல்லவாளுக்கு அது எதுக்கும்மா?"

"வாய்! வாய்! இந்த வாயாலேதான் ஒரு வரனும் குதிர மாட்டேங்கறது" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். பதில் இல்லாவிட்டால் வரன் பக்கம் போவது அவள் வழக்கம்.

மனுவை வக்கீலிடம் கொடுத்தோம். ஊர்க்காரர்கள் கையெழுத்து நிறையச் சேர்த்தால் கொஞ்சம் கனம் கிடைக்கும் என்றார் அவர். அப்படித்தான் நானும் அந்தப் பெண்ணும் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினோம்.

முதலில் எங்கள் தெரு. அங்கே அடுத்தடுத்த வீட்டில் இரண்டு மாமாக்கள். ஒருவர் வடகலை, ஒருவர் தென்கலை. கோயிலில் யார் முதலில் சேவிப்பது என்று அவர்கள் தாத்தா காலத்திலிருந்து வழக்கு. வடகலை மாமா முகத்தைச் சுளித்து, "கொலைகாரனுக்கெல்லாம் நான் போட மாட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் போட்டுட்டானா?" என்று பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினார். போட்டுவிட்டார் என்றேன். மாமாவுக்கு மூக்கு விடைத்தது. கருணையில் அவன் முந்திக்கொள்வதா! அட்டையைப் பிடுங்கியவர், தன் பெயர் அவர் பெயருக்குக் கீழே வர வேண்டும் என்பதைக் கண்டதும் மறுபடி நீட்டிவிட்டார். நான் சத்தமே போடாமல் புதுத்தாள் ஒன்றை மேலே வைத்தேன். தாளின் உச்சியில், கொட்டை எழுத்தில், இரண்டு வரி இடத்தை அடைத்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெரு முடியும்வரை இரண்டு தாள் கொண்டு போனோம்.

எல்லோரும் போட்டுவிடவில்லை. நெசவாளர் தெருவில் ஒருவர் தறியை நிறுத்தாமலே, "தண்ணிக் குழாய்க்கா மா?" என்று பேனாவை வாங்கினார். விஷயத்தைச் சொன்னதும் தறி நின்றது. "ரெண்டு உசுரு போச்சே மா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் அடுத்த வீட்டில் இருக்கும்போது பின்னாலேயே வந்தார். "எம் பொண்டாட்டி போடச் சொல்றா" என்று போட்டுவிட்டு, எங்களையே கோபமாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கோபம் எங்கள்மேலா, பெண்டாட்டிமேலா என்று கேட்கவில்லை.

அந்தத் தெருவில்தான் செத்துப்போன கணக்கரின் மனைவி இருந்தார். காவல்காரருக்கு இந்த ஊரில் உறவென்று யாரும் இல்லை. கணக்கரின் மனைவி மட்டும், அதே வீட்டில், தறிக்குப் பாவு நூல் சுற்றும் வேலை பார்த்துக்கொண்டு. அந்த வீடு நெருங்க நெருங்க என்னோடு வந்தவள் பின்தங்கினாள். கட்டினவரைப் பறிகொடுத்தவரிடம் போய், கொன்றவனுக்காகக் கையெழுத்துக் கேட்பதா? அந்த அளவுக்கா எங்களுக்குப் புத்தி கெட்டுப்போயிற்று? குடையை விரித்து, அதற்குள் இரண்டு தலையையும் மறைத்துக்கொண்டு, அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனோம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது.

மறுநாள் காலை அவர் என் இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்றார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க.

"நீதானே மா எங்க தெருவுல கையெழுத்து வாங்கிக்கினு வந்தது? எல்லா வூட்டுக்கும் போன. எதிர்வூட்டுக் கெழவனுக்குக் கண்ணே தெரியாது, அவங்கிட்டகூட வாங்கின. என் வூட்ட மட்டும் கொட புடிச்சிக்கினு தாண்டிப் போன. நான் இன்னா மா செத்தா போயிட்டேன்?"

மூலை மெஷினில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரனின் தங்கை எழுந்து நின்றுவிட்டாள்.

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்..." என்று இழுத்தேன்.

"எம் மனசு கஷ்டப்படுமா இல்லையான்னு எங்கிட்ட கேட்டியா? எங்க வூட்டு ஆளு விஷயம். ஊரே பேசுது. நான் மட்டும் உள்ளார உக்காந்து பாவு சுத்திக்கினு இருக்கணுமா?"

உட்காரச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போதுதான் மூலையில் நிற்பவளை நிமிர்ந்து பார்த்தார். கோர்ட்டில் பார்த்த முகம். அவரே பேசினார்.

"உங்கண்ணனைப் போயி எப்ப பாப்ப?"

"ஞாயித்துக்கெழம வேலூர் போறேங்க."

"அப்ப அவங்கிட்ட ஒண்ணு கேட்டுக்கினு வா. கோர்ட்டுல வெட்டு எத்தினி அங்குலம்னு கேட்டாங்க. கத்தி எப்டி இருந்ததுன்னு கேட்டாங்க. பொட்டி இன்னா வெல, ஜரிக இன்னா வெலன்னு கேட்டாங்க. அந்த மனுஷன் கடைசியா இன்னா பேசினாருன்னு ஒருத்தரும் கேக்கல. ஆட்டோல போனது மூணு பேரு. ரெண்டு பேரு செத்துட்டாங்க. மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனையும் தொங்க வுட்டுட்டாங்கன்னா நான் யாரப் போயி கேக்கறது?" மூச்சு விட்டுக்கொண்டார். "அன்னிக்கு எங்களுக்குள்ள சண்ட. பழைய ரேடியோ ஒண்ண வாங்கிக்கினு வந்துட்டாரு. பாடவே இல்ல அது. கத்தினேன். அடுப்ப மூட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். எங்கிட்ட பேசாம கௌம்பிப் போனாரு. அப்புறம் வழியில என்னப் பத்தி இன்னா சொல்லிக்கினு போனாரோ. கேட்டுக்கினு வா. அப்புறம் கையெழுத்தப் பாக்கலாம்."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு மெஷினும் அன்று சும்மா கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் ஜெயிலில் மனு போட்டு அண்ணனைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக என்னிடம்தான் வந்தாள் அந்தப் பெண். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருப்பார், பெண்டாட்டியைக் கெட்ட வார்த்தையில் பேசியிருப்பார் என்று நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

"சாப்புடக் கூப்ட்டாராம் மிஸ்."

"யாரை?"

"எங்கண்ணனத்தான். 'வூட்ல இன்னிக்கு மீன் கொழம்பு. மாங்கா போட்டு வெச்சா எம் பொண்டாட்டிய அடிச்சிக்க ஆளே கெடையாது. பொட்டிய எறக்கிட்டு வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ'ன்னு சொன்னாராம். அதுக்கப்புறமும் இவன் வண்டியத் திருப்பியிருக்கான் மிஸ். சோறு போடறேன்னு கூப்ட்ட ஆள!" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சட்டென்று வேறு கவலை வந்துவிட்டது. இதைப் போய்ச் சொன்னால் அந்த அம்மா கையெழுத்துப் போடுவாரா? சாப்பிடக் கூப்பிட்டவரையே காட்டிக்கொடுத்தான் என்று தெரிந்தால் தூக்குக் கயிற்றைத் தானே திரித்துக் கொடுக்க மாட்டாரா? "இதோ பாரு, அவர் சம்சாரத்தைப் பத்தி நல்லபடியாப் பேசினார், நீ நல்லா இருக்கணும்னு சொன்னார், அப்படின்னு ரெண்டு வரி சொல்லி முடிச்சுடலாம்" என்றேன்.

"வேணாம் மிஸ். எங்கண்ணன்கூட மொதல்ல சொல்லாதன்னான். அப்புறம் நான் கௌம்பும்போது கம்பிகிட்ட கூப்ட்டு, இல்ல, சொல்லிடுன்னான். அந்தம்மா கேட்டது அவங்க புருஷன் பேசினது. அதுல நாம எப்டி மிஸ் கை வெக்கறது?"



திங்கட்கிழமை அவர் வந்தார். அந்தப் பெண் நின்றபடியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் முகம் இறுகிற்று.

"பொய். அன்னிக்கு வூட்ல மீனே இல்ல. அடுப்பே மூட்டலன்னு சொன்னேனே. அவருக்குத் தெரியுமே."

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அந்தப் பெண் பயந்துகொண்டே, "மாங்கா போட்டுன்னு சொன்னாருன்னுதான் அண்ணன் சொல்லிச்சி" என்றாள்.

"மாங்காவா?" அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு! முந்தானையை வாயில் வைத்து அடக்கினார், அடங்கவில்லை. "மாங்கா போட்டா அவருக்கு ஆவாது மா! 'ஏண்டி இத்தப் போட்டுக் கெடுக்கற'ன்னு தட்டு முன்னால உக்காந்து தெனம் சண்ட. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லாக்குதுன்னு சொன்னதில்ல அந்த ஆளு. வெளியில போயி எம் பொண்டாட்டிய அடிச்சிக்க ஆளே இல்லன்னு பெரும பேசிக்கினு இருந்திருக்காரு, பாரேன்! அன்னிக்கு, நான் அடுப்பே மூட்ட மாட்டேன்னு சொன்ன அன்னிக்கு!" சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியாது. மூலையில் அவளும் அழுதாள். உள்ளே அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "கூப்ட்டப்புறமா வண்டியத் திருப்புனான்?"

"ஆமாங்க."

"தாளக் குடு."

தாளை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கீழே தன் கையாலேயே எழுதினார்: 'நான் மன்னிக்கவில்லை. தூக்கு வேண்டாம்.' வக்கீல் அதைப் பார்த்துப் பதறிப்போனார். "முதல் வரியை மட்டும் அடிச்சிடலாமே மா, இரண்டாவது போதுமே" என்றார். "அவங்களையே கேளுங்க சார், தெரு பேர் சொல்றேன்" என்றேன். வக்கீல் போய்க் கேட்கவில்லை. வரி அப்படியே போயிற்று.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் போயிற்று, கருட சேவை வந்துபோயிற்று. அந்தப் பெண் லோயர் பாஸ் பண்ணி ஹையர் சேர்ந்தாள். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் அவள் மெஷின் நிற்கும். ஒரு நாள் வக்கீல் தானே ஸ்கூட்டரில் வந்தார். தூக்கு ஆயுளாகக் குறைந்துவிட்டது. தன் சட்ட நுணுக்கத்தால்தான் குறைந்தது என்று அவர் சொல்லிக்கொண்டார், இன்றைக்கும் சொல்கிறார். அந்த இரண்டு வரியை மேலே யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு தூக்கிச் சுற்றியதில் மணி நிற்காத மெஷின் கீழே விழுந்தது. அதற்கப்புறம் அது அடிக்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். கணக்கரின் மனைவி. கையில் டிபன் கேரியர். மூடிய கேரியரிலிருந்தே வாசனை வந்து என் மூக்கில் ஏறியது. ஐயோ! எங்கள் வீட்டு முன்னறையில், மீன் குழம்பு!

"இன்னிக்குத்தானே அவ வேலூர் போறா? இத்த எடுத்துக்கினு போவச் சொல்லு."

"நீங்கதான் மன்னிக்கலைன்னு..." என்றேன்.

"மன்னிக்கல. அது வேற. எங்க வூட்டு ஆளு சாப்புடக் கூப்ட்டுட்டாரு. கூப்ட்டுட்டுப் போடலன்னா அவரு பேச்சு இன்னா ஆவறது?"

தெருவில் ஒரு வீட்டைத் தாண்டிப் போனதற்கே வீடு தேடி வந்து கேட்டவரிடம் இதற்கு என்ன பதில் சொல்ல? வாங்கி வைத்தேன். அந்தப் பெண் வந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் அவள் வேலூரிலிருந்து என் முன்னறைக்குத்தான் திரும்பினாள்; கணக்கரின் மனைவியும் அங்கேதான் வந்து காத்திருந்தார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது அவர்களால் இன்னும் முடியவில்லை. கேரியர் போன கனத்திலேயே திரும்பியிருந்தது.

"சமைச்சது எதுவும் உள்ள வுட மாட்டாங்களாம்க்கா" என்றாள். 'அக்கா' என்று அவள் அவரைக் கூப்பிட்டது அன்றுதான். "கெஞ்சிப் பாத்தேன். பழம், பிஸ்கெட்டு மட்டும்தானாம். நீங்க குடுத்தனுப்பினீங்கன்னு மட்டும் அவங்கிட்ட சொன்னேன். கம்பியப் புடிச்சிக்கினு நின்னான்."

அவர் கேரியரைத் திறந்து டைப்ரைட்டிங் மேஜைமேல் பரப்பினார். சோறு, குழம்பு, மேலே மஞ்சள் மஞ்சளாக மாங்காய்த் துண்டு. அம்மா உள்ளேயிருந்து என்ன சொல்லப்போகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அடுக்களைக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து இரண்டு வாழை இலையைத் தரையில் தள்ளிவிட்டு உள்ளே போயிற்று.

"இலையாவது போட்டுண்டு சாப்பிடச் சொல்லுடி. ஜன்னலைத் திற" என்றது குரல்.

இலையை மேஜைமேல் போட்டு, அவரே அந்தப் பெண்ணுக்குப் பரிமாறினார். நான் ஜன்னலோரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதி சாப்பிடுகையில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"காரமா?"

"இல்லக்கா."

"மாங்கா?"

"நல்லாக்குதுக்கா. ரொம்ப நல்லாக்குது."

"இத்த வூட்ல ஒரு தபா சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்" என்றார். இன்னொரு துண்டு மாங்காயை எடுத்து அவள் இலையில் வைத்தார். "உங்கண்ணங்கிட்ட சொல்லு. எத்தினி வருஷம் ஆனாலும் வெளிய வந்தா மொத சாப்பாடு எங்க வூட்லதான். அதுக்குள்ள செத்துகித்து வெச்சான்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும். கூப்ட்டது கூப்ட்டதுதான்."

பிறகு தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.